பால் குடியாத பிள்ளை

காஞ்சிபுரத்துக்கு அருகே, பாலாற்றங்கரையில் ஓரிக்கை என்று ஓர் ஊர். காஞ்சி மகா சுவாமிகளின் மணிமண்டபத்தைத் தரிசிக்கப் போகிறவர்கள், “இதென்ன பெயர்?” என்று கேட்காமல் திரும்புவதில்லை.

தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்தினான். சீடன் போனபின் குருவுக்கு அங்கே என்ன வேலை? திருமழிசையாழ்வாரும் கிளம்பினார். அவர் அழைக்க, திருவெஃகாப் பெருமாளும் அரவணையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ‘ஓரிரவிருக்கை’. அதுவே தேய்ந்து ஓரிக்கை ஆயிற்று என்பார்கள்.

இது ஊரறிந்த கதை. இதற்கு முந்தைய கதை ஒன்று உண்டு. பிள்ளை வளர்ப்பவர்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

பார்க்கவ முனிவருக்குப் பிறந்த குழந்தை, கைகால் இல்லாத வெறும் பிண்டமாக இருந்ததாம். பெற்றவர்கள் பிரம்புப் புதரடியில் விட்டுப் போய்விட்டார்கள். திருவருளால் உருப்பெற்று அழுத அந்தச் சிசுவை, பிரம்பு அறுக்க வந்த திருவாளன் வீட்டுக்கு எடுத்துப் போனான். பிள்ளையில்லாத அவன் மனைவி பங்கயச்செல்வி வாரி அணைத்துக்கொண்டாள். ஆனால் குழந்தை பாலைத் தொடவே இல்லை!

அந்த வீட்டின் இரவுகள் எப்படிக் கழிந்திருக்கும்? தாய்மாருக்கு நான் சொல்லவா வேண்டும்? ‘என்னிடம் என்ன குறை? நான் பெறாததுதான் குற்றமோ?’ என்று அவள் நெஞ்சு கேட்காமலா இருந்திருக்கும்?

கடைசியில் ஒரு வயோதிகர் தம் மனைவியோடு பால் கொண்டுவந்தார். குழந்தை குடித்தது! மிச்சப் பாலை உண்ட அந்த முதிய தம்பதிக்குப் பிறந்தவனே கணிகண்ணன். ‘என் கையால் குடிக்காதது, பிறர் கையால் குடிப்பதா?’ என்று பங்கயச்செல்வி கதவைச் சாத்தியிருந்தால், கணிகண்ணன் ஏது? ஓரிக்கைதான் ஏது?

இங்கிலாந்தில் டொனால்டு வின்னிகாட் என்ற குழந்தை மருத்துவர், 1940-களில் பி.பி.சி. வானொலியில் தாய்மார்களுடன் பேசிவந்தார். குறையே இல்லாத தாய் எந்தக் குழந்தைக்கும் தேவையில்லை, போதுமான அளவு நல்ல தாய் இருந்தால் போதும் என்பது அவர் கொள்கை. தாயின் சிறு தவறுகளைத் தாங்கிப் பழகித்தான் பிள்ளை உலகத்தைத் தாங்கக் கற்கிறதாம்.

ஆகவே சகோதரிகளே, தகப்பன்மார்களே! ‘நான் சரியாகத்தான் வளர்க்கிறேனா?’ என்ற கேள்வி எழுந்தால் வெட்கப்பட வேண்டாம். அக்கறையில்லாத நெஞ்சில் அந்தக் கேள்வி முளைக்காது. ஆனால் அதை மடியில் கட்டிக்கொண்டு தனியே அழவும் வேண்டாம். ஊணும் உறக்கமும் கெட்டுப் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி பால் கிண்ணத்தோடு வந்து நின்றால், கதவைத் திறந்துவிடுங்கள்.