மடிக்கணினி வாங்கும் முன்

பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்திலோ பாலிடெக்னிக்கிலோ இடம் கிடைத்துவிட்டது என்ற சேதி வந்ததும் தோட்டத்து வீட்டில் இரண்டு பேச்சு எழும். பிள்ளையை எப்படிக் கொண்டுபோய் விடுவது என்பது ஒன்று. மடிக்கணினிக்கு என்ன செய்வது என்பது மற்றொன்று. முதல் பேச்சுக்கு மாமன், சித்தப்பா என்று வழிசொல்ல ஆள் உண்டு. இரண்டாவதற்கு ஆளில்லை. டவுன் கடையில் நிற்கும் விற்பனைப் பையன் சொல்வதே முடிவாகிவிடுகிறது.

இது சின்னச் செலவு அன்று. 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளியாக உயர்ந்தது. கடையில் 1,700 வெள்ளி என்று அட்டை ஒட்டிய ஒரு கணினி, ஒரு தொழிலாளி இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போய், மாதம் முழுவதும் உழைத்து, வயிற்றுக்கு ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால் கிடைக்கும் பொருள். ஆகவே இன்று அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் பள்ளியில் படித்துப் பிறகு பாலிடெக்னிக்குக்குப் போன ஒரு பெண்ணின் தகப்பனார் என்னைத் தேடி வந்தார். மகளுக்குப் புத்தம் புதிய மடிக்கணினி வாங்கிக் கொடுத்திருந்தார். பையும் மௌசும் இலவசம். ஏழெட்டு மாதத்தில் அது 'இடமில்லை, இடமில்லை' என்று சொல்லத் தொடங்கிவிட்டது. பாடத்துக்கு வேண்டிய மென்பொருளை ஏற்ற முடியவில்லை. ஒரு பக்கம் திறக்க, ஒரு கோப்பித் தண்ணி கலக்கும் நேரம் ஆகிறது. "புதுசுதானே சார் வாங்குனேன், எப்படிக் கெட்டுப்போச்சு?" என்று கேட்டார். அது கெட்டுப்போகவில்லை. வாங்கிய முதல் நாளிலேயே அது போதாத கணினி. அதை அவரிடம் சொல்ல எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

ஏன் போதாது என்பதைச் சமையலறையை வைத்துச் சொல்கிறேன். அரிசி, பருப்பு, புளி எல்லாம் அலமாரியில் இருக்கும். சமைக்கும்போது வேண்டியதை எடுத்து மேடைமேல் வைத்துக்கொள்கிறோம். மேடை சிறியதாக இருந்தால் ஒன்றை வைக்க ஒன்றை எடுக்க வேண்டும், வேலை இழுக்கும். கணினியில் அந்த மேடைக்கு ரேம் என்று பெயர். அலமாரிதான் சேமிப்பகம். அந்தப் பெண்ணின் கணினியில் ரேம் 4 ஜி.பி., சேமிப்பகம் 64 ஜி.பி. விண்டோஸ் 11 இயங்குவதற்கு இவைதாம் மிகக் குறைந்த அளவு என்று அதைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்லியிருக்கிறது. மிகக் குறைந்த அளவு என்றால் உயிர் தரிக்கப் போதும், ஓடியாடப் போதாது என்று பொருள். விண்டோஸ் மட்டுமே 20 ஜி.பி.க்கு மேல் அடைத்துக்கொள்ளும். இத்தகைய மலிவுக் கணினிகள் பலவற்றில் ரேமையும் சேமிப்பகத்தையும் உள்பலகையில் ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். பிறகு பெரிதாக்க வழியே இல்லை.

உயர்கல்விக்குப் போகும் பிள்ளைக்கு ரேம் 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. சேமிப்பகம் 256 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. அந்தச் சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. என்ற வகையாக இருக்க வேண்டும். பழைய வகையான ஹார்ட் டிஸ்க்கில் உள்ளே ஒரு தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். அதை ஒரு கை தேடித் தேடிப் படிக்கும். மெதுவானது, கீழே விழுந்தால் அடிபடக்கூடியது. எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகம் எதுவும் இல்லை. பழைய கணினி ஒன்றில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேறு கணினியோ என்று ஐயம் வந்துவிடும்.

இப்படி வேண்டுமென்றால் விலை கூடிவிடுமே என்று கேட்கலாம். புதியதாக வாங்கினால் கூடத்தான் செய்யும். கையில் இருப்பது ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வெள்ளிதான் என்றால், மலிவான புதுக் கணினியைவிட, நல்ல வகையான பழைய கணினியே மேல் என்பது என் கருத்து. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக வாங்கும் கணினிகளைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுகின்றன. அவை துடைத்துச் சரிபார்க்கப்பட்டு மறுவிற்பனைக்கு வருகின்றன. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லேட்டிடியூட், எச்.பி.யின் எலீட்புக் ஆகியவை அப்படி அலுவலகங்களுக்கென்றே செய்யப்பட்ட வரிசைகள். கீல் உறுதியாக இருக்கும், விசைப்பலகை நன்றாக இருக்கும். இவற்றுள் பல மாடல்களில் அடிமூடியைத் திறந்து ரேமையோ எஸ்.எஸ்.டி.யையோ மாற்றவும் முடியும். எல்லாவற்றிலும் முடியும் என்று எண்ண வேண்டாம். மாடலைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பழையதில் எவ்வளவு பழையது என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "இது ஐ7, பெரிய ஆள் வைத்திருந்தது" என்று விற்பவர் சொல்வார். ஐ3, ஐ5, ஐ7 என்பது இன்டெல் நிறுவனத்தின் செயலிகளுக்கு உள்ள தரப்பெயர். அதைவிட, அதன் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ5-8250 என்றிருந்தால் முதலில் உள்ள 8 என்பது எட்டாம் தலைமுறை. ஐ5-1135 என்றிருந்தால் 11-ஆம் தலைமுறை. ஐ7-4500 என்றிருந்தால் நான்காம் தலைமுறை. 2013-ஆம் ஆண்டுச் சரக்கு. ஐ7 என்ற பெயருக்காக அதை வாங்குவது, பழைய சாதிக்காய்ப் பெட்டிக்குப் புதுச் சாயம் பூசி வாங்குவதைப் போன்றது.

தலைமுறைக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. கூடுதலாகச் சில காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் பெற வழி வைத்தார்கள் என்றாலும், அது தற்காலிக ஏற்பாடுதான். அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். எனவே ஏழும் அதற்குக் கீழும் உள்ள கணினிகளைத் தள்ளிவிடத் துடிப்பவர்கள் இருக்கிறார்கள். குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

அடுத்து எடை. பெரிய திரை என்றால் பிள்ளைக்கும் நமக்கும் ஆசை. 15.6 அங்குலக் கணினி சார்ஜரோடு சேர்ந்தால் பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டிவிடும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து, விடுதிப் படியேறி, வகுப்புக்கு வகுப்பு நடக்கப்போவது பிள்ளைதான். 14 அங்குலத்தில் ஒன்றரைக் கிலோ அளவில் நல்ல கணினிகள் கிடைக்கின்றன. இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். 1981-ஆம் ஆண்டில் ஆஸ்போர்ன் 1 என்றொரு கணினி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கையில் தூக்கிப் போகலாம் என்று விளம்பரம். எடை ஏறத்தாழ 11 கிலோ, திரை 5 அங்குலம், பேட்டரி கிடையாது. விலை 1,795 அமெரிக்க டாலர். காண்டா தூக்கிப் பழகிய நம் பெரியவர்கள் வேண்டுமானால் அதைச் சுமந்திருப்பார்கள்.

பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கப்போகிறது, வெளியே எடுத்துப்போகத் தேவையில்லை என்றால், அதே பணத்துக்குப் பழைய மேசைக்கணினி இன்னும் வலுவானதாகக் கிடைக்கும். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வாங்க அவசரப்பட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது, ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துப் படித்ததை நாம் மறக்கவில்லை. அந்தப் பயத்திலேயே இன்றும் சிலர் கடன்பட்டு வாங்குகிறார்கள்.

இனி, கடைக்குப் போகும் நாள். கணினியைப் பயன்படுத்தப்போகும் பிள்ளையைக் கூடவே அழைத்துப் போங்கள். ஒரு பென்டிரைவும், இணைய வசதியுள்ள கைத்தொலைபேசியும் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்படாமல் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பார்க்கலாம்.

முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரி எத்தனை விழுக்காடு என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்றச் சோதனைகளை முடித்து அரை மணி கழித்துப் பாருங்கள். 25 விழுக்காடு குறைந்திருந்தால், முழுப் பேட்டரியும் இரண்டு மணி நேரம்தான் தாங்கும் என்று கணக்கு. விண்டோஸில் 'பேட்டரி ரிப்போர்ட்' என்ற அறிக்கையையும் எடுக்கலாம். கடைக்காரரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோது எவ்வளவு மின்சாரம் தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என இரண்டு எண்கள் அதில் இருக்கும். முதல் எண் 45,000, இரண்டாவது 31,500 என்றால் பேட்டரியில் 70 விழுக்காடுதான் மிச்சம். அதற்குக் கீழே என்றால் மாற்றுப் பேட்டரியின் விலையைக் கேட்டு, அதையும் சேர்த்துப் பேரம் பேசவேண்டும்.

அந்த அரை மணி நேரத்தில் எல்லா விசைகளையும் பிள்ளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கட்டும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து திரையில் கறையோ கோடோ உண்டா என்று பார்க்கட்டும். பென்டிரைவை ஒவ்வொரு துளையிலும் செருகட்டும். கைத்தொலைபேசியின் இணையத்தோடு கணினியை இணைத்துக் கேமராவும் ஒலிவாங்கியும் வேலை செய்கின்றனவா என்று பார்க்கட்டும். 'டாஸ்க் மேனேஜர்' என்ற பக்கத்தைத் திறந்தால் ரேம் எத்தனை, சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.யா, செயலியின் முழு எண் என்ன என்று எல்லாம் அங்கேயே தெரியும். அட்டையில் எழுதியதை நம்ப வேண்டியதில்லை.

ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிறுவனங்களிலிருந்து வந்த கணினிகள் சிலவற்றில் பழைய உரிமையாளர் போட்ட பூட்டு எடுபடாமல் கிடக்கும். அன்றைக்கு நன்றாக வேலை செய்யும். பிறகொரு நாள் விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது, ஏதோ ஒரு கம்பெனியின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்டு நின்றுவிடும். அதனால் கணினியை அணைத்து, பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புப் பக்கத்தைக் கடைக்காரரையே திறக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல் கேட்கக் கூடாது. விண்டோஸை முதலிலிருந்து ஏற்றித் தொடக்கப் பக்கத்தோடு கொடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. சார்ஜரில் நம் நாட்டு மூன்று முனைச் செருகியும் சிரிம் முத்திரையும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பணம் கொடுக்கும் முறைக்கு வருவோம். கைக்காசுக்கு 1,500 வெள்ளியாகும் கணினியை, மாதம் 95 வெள்ளி வீதம் 24 மாதம் கட்டலாம் என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். மாதம் 95 என்பது இலேசாகத் தோன்றும். பெருக்கிப் பாருங்கள், 2,280. 780 வெள்ளி அதிகம். அதுவும் பழைய கணினிக்கு இரண்டு ஆண்டுத் தவணை என்றால், கட்டி முடிப்பதற்குள் அது ஓய்ந்துவிடவும் கூடும். ஊழியர் சேமநிதி வாரியம் 2024 மே மாதத்தில், எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கு ஒன்றைத் தொடங்கியது. முதுமைக்கான பணத்தைத் தொடுவது எனக்கு உவப்பில்லைதான். என்றாலும் வட்டிக்கு வாங்குவதற்கும் அதற்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், நான் அதிலிருந்துதான் எடுப்பேன்.

மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் மென்பொருளுக்குத் தனியாகப் பணம் கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள். பல உயர்கல்விக் கழகங்கள் தம் மாணவர்களுக்கு அதை இலவசமாகவே வழங்குகின்றன. சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்யவும் காசு தேவையில்லை. 1985-இல் முரசு அஞ்சலைத் தொடங்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர்தாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

ரசீது கட்டாயம் வாங்குங்கள். அதில் மாடல், செயலி எண், ரேம், சேமிப்பகம், வரிசை எண், எத்தனை மாத உத்தரவாதம் ஆகிய யாவும் எழுதியிருக்க வேண்டும். வாங்கிய பொருள் சொன்னபடி இல்லாமல், கடைக்காரரும் கைவிரித்துவிட்டால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, நீங்களே பேசலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. ஆனால் இது வியாபாரம் செய்பவரிடம் வாங்கிய பொருளுக்குத்தான். முகநூலில் பார்த்து, யாரோ ஒரு தனி ஆளிடம் பெட்ரோல் நிலையத்தருகே நின்று வாங்கிவிட்டு வந்தால், அந்தக் கதவு திறக்காது.

அந்தப் பெண்ணின் தகப்பனார் அடுத்த முறை கடைக்குப் போனபோது மகளையும் அழைத்துக்கொண்டு போனார். மூன்று கடை ஏறி இறங்கி, எட்டாம் தலைமுறை, 8 ஜி.பி. என்று பார்த்து, அலுவலகத்தில் ஓடிய 14 அங்குலக் கணினி ஒன்றை வாங்கினார்கள். மூடியில் ஒரு கீறல் இருந்தது; அதைக் காட்டி 50 வெள்ளி குறைத்தாளாம் அந்தப் பெண். டிப்ளோமா முடியும் வரை அதுவே ஓடியது.