கட்-ஆஃப் மட்டும் போதாது... இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் சாய்ஸ் பட்டியலைச் சரியாகப் போடுவது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘கட்-ஆஃப் எவ்வளவு?’ என்பதுதான். ஆனால், தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கையில் ஒரே கட்-ஆஃப் எடுத்த இருவரில் ஒருவர் விரும்பிய கல்லூரியிலும், மற்றவர் மனமில்லாத கல்லூரியிலும் போய்ச் சேர்வது உண்டு. பல நேரங்களில் இந்த வித்தியாசத்துக்குக் காரணம், அவர்கள் கொடுத்த சாய்ஸ் பட்டியலின் வரிசை.

முதலில் கணக்கு. கணிதம் 100-க்கு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் தலா 50 ஆகக் குறைக்கப்படும். கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 94 என்றால், 92 + 44 + 47 = 183. இதை வைத்துத்தான் ரேங்க் பட்டியல் வெளியாகும்.

கம்ப்யூட்டர் எப்படி சீட் கொடுக்கிறது?

உங்கள் ரேங்க் முறை வரும்போது, கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலின் முதல் சாய்ஸைப் பார்க்கும். இடம் இருந்தால் அதை ஒதுக்கிவிடும். இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கும. இடம் கிடைத்த சாய்ஸுக்குக் கீழே இருப்பவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இது புரியாமல்தான் பலர் தவறு செய்கிறார்கள். ‘அந்த காலேஜ் எப்படியும் கிடைக்காது, நிச்சயமாகக் கிடைப்பதை மேலே போடுவோம்’ என்று நினைக்கிறார்கள். அப்படிப் போட்டால் அந்த ‘நிச்சய’ சீட்தான் கிடைக்கும். பட்டியலில் கீழே இருக்கும் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் பலனில்லை. கிடைக்காத கல்லூரியை மேலே வைப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. கம்ப்யூட்டர் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடும். எனவே பட்டியலை மார்க் வரிசையில் போடாமல், விருப்ப வரிசையில் போடுங்கள்.

எத்தனை சாய்ஸ் கொடுக்கலாம்?

உச்ச வரம்பு இல்லை. பத்துப் பதினைந்தோடு நிறுத்திவிட்டால், நல்ல மார்க் இருந்தும் எதுவும் கிடைக்காமல் போகலாம். எட்டாத உயரம் என்று தோன்றுபவை சில, கிடைக்க வாய்ப்புள்ளவை பல, கட்டாயம் கிடைக்கக்கூடியவை சில என்று மூன்று அடுக்காகப் பட்டியல் இருக்கட்டும். அதே நேரம், கிடைத்தாலும் சேர மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியைச் சேர்க்கவே வேண்டாம்.

முந்தைய ஆண்டுகளின் விவரங்களைப் பார்க்கும்போது மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். கேள்வித்தாள் எளிதாக இருந்த ஆண்டில் கட்-ஆஃப் ஏறும், கடினமாக இருந்தால் இறங்கும். ரேங்க்கை ஒப்பிடுவது ஓரளவு நம்பகமானது. 69 சதவிகிதம் இட ஒதுக்கீடு போக, மீதி 31 சதவிகிதம் பொதுப்பிரிவு இடங்கள் எல்லோருக்கும் உரியவை. அதனால் உங்கள் பிரிவு, பொதுப்பிரிவு இரண்டையும் பாருங்கள்.

ஒரே மாதிரி பெயருள்ள கல்லூரிகள் உண்டு. பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு எண் 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி-க்கு எண் 4.

‘அப்வர்ட்’ கொடுக்கும் முன்...

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறிப்பிட்ட நாள்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சீட் போய்விடும். ‘ஏற்றுக்கொள்கிறேன், மேலே உள்ளது கிடைத்தால் மாறுகிறேன்’ என்பதுதான் அப்வர்ட். மேலே உள்ள சாய்ஸ் கிடைத்துவிட்டால், பழைய சீட் வேறொருவருக்குப் போய்விடும். ‘பழையதே போதும்’ என்று திரும்ப முடியாது. பட்டியல் வரிசை இங்கேயும் வந்து நிற்கிறது.

சான்றிதழும் செல்போனும்

குடும்பத்தில் முதல் பட்டதாரியா? கல்விக் கட்டணச் சலுகைக்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகிதம் உள் ஒதுக்கீடு உண்டு. இதில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதை விண்ணப்பத்தில் குறிப்பிட மறக்க வேண்டாம்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தாலும், பதிவு செய்யும் செல்போன் எண் வீட்டினருடையதாக இருக்கட்டும். ஓ.டி.பி-யும் பாஸ்வேர்டும் வேறு யார் கைக்கும் போகக் கூடாது. அவை கிடைத்தால் உங்கள் பட்டியலையே மாற்றிவிட முடியும்.

வீட்டில் ஒருநாள் பேசுங்கள்

அப்பாவுக்குக் கல்லூரி பெயர் முக்கியம், பிள்ளைக்குப் பாடப்பிரிவு முக்கியம், அம்மாவுக்கு ஹாஸ்டல் கவலை. இந்த விவாதத்தைக் கடைசி நாள் இரவுக்குத் தள்ளிப்போடாதீர்கள். கட்டணம், பஸ் வசதி, தேர்ச்சி விகிதம் எல்லாவற்றையும் பேசி, முதலில் ஒரு வெள்ளைத்தாளில் பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொரு இரண்டு சாய்ஸுக்கும் நடுவே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இரண்டும் கிடைத்தால் எதில் சேருவோம்?’ அதற்கு வரும் பதில்தான் மேலே இருக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் வகுப்பில் உட்காரப்போவது பிள்ளைதான் என்பதால், கடைசி வார்த்தையும் அவர்களுடையதாகவே இருக்கட்டும்!