பயனற்றது எனக் கருதப்பட்ட பேரெண்

பன்னிரண்டு ரப்பர் கன்றுகளை நிரைக்கு மூன்றாக நான்கு நிரைகளில் நடலாம். நிரைக்கு ஆறாக இரண்டு நிரைகளிலும் நடலாம். பதின்மூன்று கன்றுகளை அவ்வாறு பிரிக்க இயலாது. ஒரே நிரையாக நடவேண்டும்; இன்றேல் நிரைக்கு ஒன்றாக நடவேண்டும். இங்ஙனம் ஒன்றைவிடப் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவை அவற்றுள் சில.

சிறிய எண் பகா எண்தானா என அறிதல் எளிது. எண் பெரிதாகப் பெரிதாக அவ்வேலை கடினமாகிறது. 2,147,483,647 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். முப்பத்தொரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையில் ஒன்றைக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கமாயின், அவற்றுள் சிறியது அவ்வெண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. இவ்வெண்ணின் வர்க்கமூலம் 46,341க்குச் சற்றே குறைவு. ஆதலின், அதற்குட்பட்ட பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். ஆயினும் அவையே ஏறத்தாழ 4,800 உள்ளன!

சுவிட்சர்லாந்தில் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய கணித மேதை லெனார்ட் ஆய்லர் இதற்கு ஒரு வழி கண்டார். இவ்வெண்ணை வகுக்கக்கூடிய பகா எண் ஏதேனும் இருப்பின், அதனை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆகவோ 63 ஆகவோதான் இருக்கவேண்டும் என அவர் நிறுவினார். அதனால் 372 முறைக்குமேல் வகுக்க வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. எதனாலும் அது வகுபடவில்லை; அது பகா எண்ணே என 1772ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். அப்பொழுது அவர் தம் கண்பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

1811இல் பீட்டர் பார்லோ என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர், இத்தகைய எண்கள் வியப்புக்குரியனவேயன்றிப் பயனுடையன அல்ல என்றும், ஆதலால் இதனினும் பெரியதைத் தேட எவரும் முற்படார் என்றும் எழுதினார். அவர் கூற்று இரு வகையிலும் பொய்த்தது. 1876இல் பிரெஞ்சு அறிஞர் லூக்கா 39 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணை மெய்ப்பித்தார். 2024இல் கணினியின் துணையால் கண்டறியப்பட்ட பகா எண்ணுக்கோ 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன.

பயனும் பின்னர் விளங்கிற்று. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. பெருக்கி வந்த தொகையை மட்டும் கொண்டு அவ்விரண்டையும் கண்டுபிடிப்பதோ மிக அரிது. இதனைப் பூட்டும் சாவியுமாகக் கொண்டு, 1977இல் அமெரிக்க நாட்டில் அறிஞர் மூவர் ஒரு மறைமொழி முறையை வகுத்தனர். ஆய்லர் நிறுவிய தேற்றம் ஒன்றும் அதற்கு அடிப்படையாயிற்று. கணினிவழி நடைபெறும் பணப் பரிமாற்றத்தைப் பிறர் கண்ணிலிருந்து காப்பதில் இம்முறைக்குப் பெரும் பங்கு உண்டு. அதில் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட பகா எண்கள் பயன்படுகின்றன.

வாய்பாடு படிக்கும் நம் பிள்ளைகள், "இக்கணக்கு எதற்கு உதவும்?" என்று வினவக்கூடும். ஆய்லர் வகுத்துப் பார்த்த கணக்கின் பயன் உலகுக்கு விளங்க இருநூறு ஆண்டுகள் சென்றன. இதனை அவர்களுக்கு எடுத்துரைப்போமாக. இன்று பயன் தோன்றவில்லை என்பதற்காக எக்கல்வியையும் அவர்கள் கைவிடாதிருக்க ஊக்கமளிப்போமாக.