தெருவாட்டம் மேடை ஏறும்போது

ஹிப் ஹாப் ஆட்டம் தெருவில், ஆடுவோர் கூடி நிற்கும் வட்டத்துக்குள் வளர்ந்தது. அதை மேடையேற்றி, டிக்கெட் வாங்கியவர்கள் முன் ஆடினால் உயிர் போய்விடும் என்பவர்கள் இன்றும் உண்டு. அமெரிக்காவின் வட பிலடெல்பியாவில் வளர்ந்த நடன அமைப்பாளர் ரென்னி ஹாரிஸின் பணி அவர்களுக்கு நல்ல பதில். 1992-இல் அவர் தொடங்கிய 'ப்யூர்மூவ்மென்ட்' குழு, தலையை ஊன்றிச் சுழல்வதை வெறும் வித்தையாகக் காட்டி நிறுத்திக்கொள்ளவில்லை. 2000-இல் வந்த 'ரோம் அண்ட் ஜூவல்ஸ்', ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் கதைதான். ஆனால் ஜூலியட் மேடைக்கே வருவதில்லை! கண்ணுக்குத் தெரியாத ஒருத்தியிடம் காதலன் உருகுகிறான். சுற்றிலும் இரண்டு கோஷ்டிகள் ஆடியே மோதிக்கொள்கின்றன. அடுத்தவர் முறைக்காகக் காத்திருக்கும் தெருவட்டத்தில் ஓர் ஏக்கத்தை இவ்வளவு நீட்டிச் சொல்ல இடம் ஏது?

ஒத்திகை பார்த்து ஆடினால், அந்தக் கணத்தில் பிறக்கும் அசைவு தொலைந்துபோகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கொஞ்சம் தொலையத்தான் செய்யும். ஆனால் ஹாரிஸ் வேரை விட்டு விலகியவர் அல்லர். மூத்த தெருக்கலைஞர்களையே ஆசிரியர்களாக அழைத்து, 'இல்லடெல்ஃப் லெஜண்ட்ஸ்' விழாவைத் தம் ஊரில் நடத்தியவர். தெருவுக்குத்தான் நஷ்டம் என்பதும் ஒருபக்கக் கணக்கு; தெருவிடமிருந்து மேடையும் பெற்றிருக்கிறது. நவீன நடனத்தில் ஊறிய ஆல்வின் எய்லி குழு, தன் 60-ஆம் ஆண்டையொட்டி 2018-இல் மேடையேற்றிய 'லாசரஸ்' ஹாரிஸின் படைப்பு. இரண்டு அங்கங்கள் கொண்ட நடனத்தை அக்குழு ஆடியது அதுவே முதல்முறை.