கண்ணாடித் தொட்டிக்கு ஓதம் இல்லை

கொச்சித் துறைமுக முகத்துவாரத்துக்கு வடக்கே நீண்டு கிடக்கும் வைப்பின் தீவு, நீர் கொணர்ந்து சேர்த்த நிலம். 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் பெருகிய வெள்ளத்தின் வண்டலால் அது உருவாயிற்று என்பது வழிவழி வந்த செய்தி. அதனை நினைவுகூர்ந்து ‘புதுவைப்பு’ என்னும் ஆண்டுக் கணக்கும் அங்கு வழங்கிற்று. வங்கியில் நாம் இடும் தொகையை வைப்பு என்கிறோம். இத்தீவோ ஆறும் கடலும் இட்ட வைப்பு.

அத்தீவின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல்லும், அறுவடைக்குப் பின் இறாலும் விளைகின்றன. நாள்தோறும் ஓதம் ஏறி இறங்க, மதகுகளின் வழியே புதுநீர் உள்ளே வருகிறது. பழைய நீர் கழிவுகளோடு வெளியேறுகிறது. 2010இல் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட கரிமீன் வாழ்வதும் இத்தகைய உவர்நீரில்தான். அங்கு நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் வேலையை ஓதமே பார்த்துக்கொள்கிறது.

நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு ஓதம் இல்லை. ஞாயிறன்று தொட்டியை வாங்கி, குழாய் நீரை நிரப்பி, அன்றே பத்து மீன்களை விடுகிறோம். சில நாள்களில் அவை மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பிறகு ஒவ்வொன்றாக மிதக்கின்றன. ஏன் செத்தது என்று குழந்தை கேட்கிறது. வீட்டுக்கு வரவிருந்த தீங்கை மீன் ஏற்றுக்கொண்டது என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. நீரைச் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் வேறு காரணம் தெரியவரும்.

மீனின் செவுளிலிருந்தும், கழிவிலிருந்தும், மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது செவுளை அரிக்கும் நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலும் தொட்டியின் கூழாங்கற்களிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே; இரத்தம் உயிர்வளியைச் சுமந்து செல்வதை அது தடுத்துவிடும். மற்றொரு வகை நுண்ணுயிர்கள் அதனைத் தீமை குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். புதுத்தொட்டியில் மீன்கள் மடிவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். ஆகவே முதலில் இரண்டு மூன்று சிறு மீன்களை மட்டும் விடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனைக் கரைசல் காட்டிய பிறகு மற்றவற்றைச் சிறிது சிறிதாகச் சேருங்கள்.

வாரம் ஒருமுறை தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றுவது போதுமானது. முழு நீரையும் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது நல்லதன்று. புதுநீர் பழைய நீரின் வெப்பநிலையில் இருக்க வேண்டும். குழாய் நீரின் குளோரின், திறந்த வாளியில் ஒருநாள் வைத்தால் பெரும்பாலும் அகன்றுவிடும். குளோரமின் கலந்த நீர் அவ்வாறு சீராகாது. அதற்குக் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கி மருந்து தேவை. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் நுண்ணுயிர்களும் அழியும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள். மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவிடுங்கள்.

கோடையில் கூடுதல் கவனம் வேண்டும். 25 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் உயிர்வளி கரையும்; 30 பாகையில் அது 7.5 ஆகக் குறைகிறது. மின்சாரம் நெடுநேரம் நின்றால், குவளையால் நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். அந்நேரத்தில் உணவிட வேண்டாம்.

கடைகளில் ‘மிஸ் கேரளா’ என்று விற்கப்படும் செங்கோட்டு மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்கு உரியது. 1865இல் அதனை விவரித்த பிரான்சிஸ் டே, அன்றைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரை அதற்கு இட்டார். இன்று அது அழியும் நிலையிலுள்ள மீன்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஓடும் நீரில் வாழ்ந்த அம்மீனுக்கு உயிர்வளி மிகுந்த நீரும் நீளமான தொட்டியும் தேவை. வாங்குமுன் அது பண்ணையில் பிறந்ததா எனக் கேளுங்கள். ஆற்றில் பிடித்த மீன் ஒன்று தொட்டியில் மடிந்தால், அதன் இடத்தை நிரப்ப ஆற்றிலிருந்து இன்னொன்று வர வேண்டியிருக்கும்.

உங்கள் தொட்டி மீன்கள் இப்போதே மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கின்றனவா? மருந்து தேடி அலையாதீர்கள். குளோரின் நீங்கிய நீரைக் கொண்டு கால்பங்கு நீரை மாற்றுங்கள். காற்றுக் குமிழிக் கருவியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ஒருநாள் உணவை நிறுத்துங்கள். மறுநாளும் நீரைச் சோதித்து, தேவையானால் மீண்டும் கால்பங்கு மாற்றுங்கள். வைப்பின் வயல்களில் ஓதம் நாள்தோறும் செய்வதைத்தான் நீங்கள் கையில் வாளியோடு செய்கிறீர்கள்.