ஐபீரிய லின்க்ஸ் மீண்டது எவ்வாறு?

உலகின் பூனையினங்களுள் அழிவுக்கு மிக அருகில் நின்றதாகக் கருதப்பட்ட ஐபீரிய லின்க்ஸ், 2024 ஜூன் மாதத்தில் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் செம்பட்டியலில் ஒரு படி கீழிறக்கப்பட்டது. இங்கு கீழிறக்கம் என்பது நற்செய்தியாகும். 2002இல் மிகக் கடுமையான ஆபத்துக்குள்ளான இனமாகவும், 2015இல் ஆபத்துக்குள்ளான இனமாகவும் குறிக்கப்பட்ட இவ்விலங்கு, இப்போது பாதிப்புறக்கூடிய இனமாக மட்டுமே கணிக்கப்படுகின்றது. 2001இல் இனவிருத்திப் பருவத்தை அடைந்த லின்க்ஸ்கள் 62 மாத்திரமே இருந்தன. 2022இல் அத்தொகை 648 ஆக உயர்ந்தது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நாம் அறிந்திருத்தல் பயனுடையதாகும்.

லின்க்ஸ் என்பது குட்டை வாலும், காது நுனியில் கறுப்பு மயிர்க் குஞ்சமும், கன்னங்களில் தாடி போன்ற மயிரும் கொண்ட காட்டுப்பூனையாகும். உலகில் உள்ள நான்கு லின்க்ஸ் இனங்களுள் ஒன்றான ஐபீரிய லின்க்ஸ், ஸ்பெயினும் போர்த்துக்கலும் அமைந்துள்ள ஐபீரியக் குடாநாட்டில் மட்டுமே வாழ்கின்றது. ஐரோப்பாவின் ஏனைய பகுதிகளில் காணப்படும் லின்க்ஸின் பருமனில் ஏறக்குறைய அரைவாசியே இதற்கு உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இது இரண்டே இடங்களில் எஞ்சியிருந்தது. ஒன்று சியரா மொரேனா மலைத்தொடர். மற்றையது குவாடல்கிவிர் ஆறு கடலோடு கலக்கும் டொன்யானா சதுப்பு நிலப்பகுதி. அவ்வாற்றின் பெயர் 'பெரிய ஆறு' எனப் பொருள்படும் 'வாதி அல் கபீர்' என்ற அரபுச் சொற்றொடரின் திரிபு என்பதை இங்கு குறிப்பிடலாம்.

இவ்வினம் வீழ்ந்தமைக்கான காரணத்தைத் தேடுவோர் முதலில் முயலைப் பார்க்க வேண்டும். லின்க்ஸின் உணவில் முக்காற்பங்குக்கும் அதிகமானது காட்டு முயலே. வளர்ந்த லின்க்ஸ் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு முயல் தேவை. 1952இல் பிரான்ஸில் போல் ஆர்மன் டெலில் என்ற மருத்துவர், தமது தோட்டத்து முயல்களின் தொல்லையை ஒழிக்கும் நோக்குடன் மிக்சோமடோசிஸ் என்ற வைரஸ் நோயை அங்கு பரவவிட்டார். அது தோட்டத்து மதிலுக்குள் நிற்கவில்லை. மறு ஆண்டே ஸ்பெயினை எட்டி, முயல்களைப் பெருந்தொகையாக மாய்த்தது. அதே 1953இல் ஸ்பெயின் அரசு 'தீங்கு செய்யும் விலங்குகளை' ஒழிப்பதற்கெனச் சபைகளை அமைத்து, கொன்றவர்களுக்குப் பரிசுப் பணமும் வழங்கியது. உணவும் போய், உயிருக்கும் விலை குறிக்கப்பட்ட நிலை அது. சட்டப் பாதுகாப்பு 1973இல்தான் கிடைத்தது. முயல்கள் சற்றுத் தலைதூக்கிய வேளையில், 1980களின் இறுதியில் முயல்களைத் தாக்கும் இரத்தக்கசிவு நோய் வந்து சேர்ந்தது.

கூட்டில் வைத்து இனம் பெருக்கும் முயற்சியே அதிகம் பேசப்படுகின்றது. டொன்யானாவின் எல் அசெபூச்சே நிலையத்தில் 2005 மார்ச் மாதத்தில் சலியேகா என்ற பெண் லின்க்ஸ் மூன்று குட்டிகளை ஈன்றது. உலகில் கூட்டில் பிறந்த முதலாவது ஐபீரிய லின்க்ஸ் குட்டிகள் அவையே. சில வாரங்களில், குட்டிகளுக்கிடையே மூண்ட சண்டையில் ஒன்று இறந்தது. பராமரிப்பாளர்கள் திகைத்தனர். ஆனால் ஏறத்தாழ ஆறு வார வயதில் உடன்பிறந்த குட்டிகள் மூர்க்கமாக மோதிக்கொள்வது இவ்வினத்தின் இயல்பே என்பது பின்னர் தெளிவாயிற்று. அதன் பின்னர் அக்காலகட்டத்தில் கமராக்கள் மூலம் குட்டிகள் இரவு பகலாகக் கண்காணிக்கப்பட்டன.

கர்ப்பத்தைக் கண்டறிவதும் எளிதாக இருக்கவில்லை. ஏனைய விலங்குகளில் கர்ப்பத்தின் அடையாளமாகக் கொள்ளப்படும் புரோஜெஸ்தரோன் ஹோர்மோன், லின்க்ஸில் கர்ப்பமில்லாத வேளையிலும் குறைவதில்லை. எனவே ரிலக்ஸின் என்ற வேறொரு ஹோர்மோனை ஆய்வாளர் நாடினர். அதற்கு இரத்தம் வேண்டும். மயக்கமருந்து கொடுத்தால் சினைக்குத் தீங்கு நேரலாம். பேர்லின் லைப்னிட்ஸ் வனவிலங்கு ஆய்வு நிறுவகத்தினருடன் சேர்ந்து அவர்கள் கண்ட வழி விந்தையானது. லின்க்ஸ் படுத்துறங்கும் தக்கைப் பலகையினுள் இரத்தம் உறிஞ்சும் மூட்டுப்பூச்சி வகையொன்றை வைத்தனர். அது உறிஞ்சிய இரத்தத்தை ஊசியால் எடுத்துச் சோதித்தனர். லின்க்ஸ் எதையும் அறியாது உறங்கியது!

எனினும் குட்டிகள் பிறந்தால் மட்டும் போதாது. விடுவதற்கு நிலம் வேண்டும். அந்நிலத்தின் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமான வேட்டைப் பண்ணைகளாகும். தமது முயலைத் தின்னும் விலங்கை வேட்டைக்காரர் ஏன் வரவேற்க வேண்டும்? இவ்விடத்தில் ஆய்வு கைகொடுத்தது. பிரான்சிஸ்கோ பலோமரெஸும் அவருடன் இணைந்த ஆய்வாளரும் 1995இல் வெளியிட்ட ஆய்வின்படி, லின்க்ஸ் வாழும் இடங்களில் கீரிகள் குறைகின்றன. அதனால் முயல்கள் குறையாமல் கூடுகின்றன. நில உடைமையாளருடன் உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. முயல்களுக்குப் புதரும் வளையும் அமைத்துக் கொடுக்கப்பட்டன. கூட்டில் பிறந்த குட்டியைக் காட்டிலும் இவ்வுடன்படிக்கைகளே பெரிய சாதனை என்பது எமது கருத்தாகும்.

2024இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி குட்டிகள் உட்பட 2,401 லின்க்ஸ்கள் உள்ளன. அவற்றுள் 354 போர்த்துக்கலில் வாழ்கின்றன. ஆயினும் இனம் நிலைபெற்றதாகக் கூறுவதற்குக் குட்டி ஈனும் பெண் லின்க்ஸ்கள் 750 வேண்டும் எனத் திட்டத்தினர் கணித்துள்ளனர். 2024இல் இருந்தவை 470. தவிர, சிறு தொகையிலிருந்து பெருகிய இனம் என்பதால் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. பிரிந்து கிடக்கும் கூட்டங்களிடையே போக்குவரத்து இல்லையேல் நோயொன்று போதும். டொன்யானாவில் 2007இல் பூனை இரத்தப் புற்றுநோய் வைரஸ் பல லின்க்ஸ்களைப் பலிகொண்டது. அவ்வாறு இடம்பெயர முனையும் இளம் லின்க்ஸ்களோ நெடுஞ்சாலைகளில் வாகனங்களில் மோதுண்டு இறக்கின்றன. எமது நாட்டில் மீன்பிடிப் பூனைகளுக்கு வீதிகளில் நேரும் கதியும் இதுவே.

முயலின் நிலை இன்னும் விசித்திரமானது. ஐபீரியக் குடாநாட்டுக்கே உரிய காட்டு முயல் 2019 முதல் செம்பட்டியலில் ஆபத்துக்குள்ளான இனமாக இடம்பெற்றுள்ளது. இரையின் நிலை, அதைத் தின்னும் விலங்கின் நிலையைவிட மோசம்! அதேவேளை, மத்திய ஸ்பெயினின் வயல்வெளிகளில் முயல்கள் பெருகிப் பயிரை அழிப்பதாக விவசாயிகள் முறையிட்டு, அவற்றைக் கொல்ல அனுமதி கேட்கின்றனர். அம்முயல்களைப் பிடித்து லின்க்ஸ் வாழும் மலைகளில் விட்டாலும், வளையும் புதரும் இல்லாத இடத்தில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே மடிந்துவிடுகின்றன.