சீறாப்புராணம் கற்போர் இடைநிற்பது ஏன்?

ஒரு நூலைத் தொடங்கி இடையிலே மூடிவைப்போரைச் சோம்பர் என்று இகழ்தல் எளிது. அவ்விகழ்ச்சி எல்லார்க்கும் பொருந்துவதன்று. உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்தைக் கல்முனை, மருதமுனை, சம்மாந்துறை ஆகிய ஊர்களிற் போற்றாதார் இலர். முற்றக் கற்றாரோ மிகச் சிலர்.

மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5027 விருத்தங்களும் கொண்டது இக்காப்பியம். ஆயினும் அதன் நீளம் கற்போரை நிறுத்துவதன்று. நீளத்தை உணருமளவுக்குப் பலர் செல்வதேயில்லை. அவர்கள் நிற்பது தொடக்கத்து நாட்டுப்படலத்திலேயாம். காப்பிய மரபு வழுவாத புலவர் அரபு நாட்டிலும் ஆறு பெருக்கி நெல் விளைவிக்கின்றார். கல்லோயா நீர்கொண்டு வேளாண்மை செய்யும் மக்களுக்கு வயலும் வரம்பும் புதியனவல்ல. எனினும், சொற்கள் புணர்ந்தும் அடைமொழி செறிந்தும் வரும் செய்யுளில் அவ்வயலே அயலாகி விடுகின்றது.

இங்கே ஒரு விந்தை உண்டு. தீன், கலிமா, ஈமான் என்பன முஸ்லிம் மாணவனுக்கு வீட்டுச் சொற்கள். அவனை இடறச் செய்வது சந்தியும் கொண்டுகூட்டுமே. கந்தபுராணம் பயின்ற இந்து மாணவன் சந்தியை எளிதிற் பிரிப்பான். தீன் என்ற சொல்லிலே தயங்கி நிற்பான். ஒருவன் அறியாதது மற்றவன் அறிந்ததே. காரைதீவுக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையிலுள்ள தூரமோ நடந்து செல்லத்தக்கது. இருவரும் தனித்தனியே நூலை மூடுகின்றனர்!

தனித்துக் கற்றலே இந்நூலுக்கு ஒவ்வாத முறை எனலாம். யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கந்தபுராணத்தை ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்வர். அரிய இடத்திற் கேட்போர் தேங்கி நிற்பதில்லை. பயன் சொல்பவர் வேண்டுமிடத்து விரித்தும் பிறவிடத்துச் சுருக்கியும் அவரை அழைத்துச் செல்வார். சீறாப்புராணம் 1842 இல் ஷெய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிமால் அச்சேறியது. அச்சுநூலைத் தனியே விரிப்பவனுக்குத் துணைவர் இல்லை. முதற் பாட்டிலிருந்தே தொடங்கவேண்டும் என்ற கட்டாயமொன்றை மட்டும் அவன் தானே விதித்துக்கொள்கின்றான்.

அக்கட்டாயம் வேண்டுவதன்று. மானுக்குப் பிணைநின்ற படலத்திலிருந்து தொடங்கலாம். வேடன் வலையிற் சிக்கிய மான் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்பதும், நபிகள் நாயகம் அதற்குப் பிணையாக நிற்பதும், மான் சொன்னபடி மீள்வதும் எவரையும் ஈர்க்கும். கதையிற் பற்று உண்டானபின் நாட்டுப்படலத்துக்குத் திரும்பினால் வருணனையும் அத்துணை வருத்தாது.

முற்றக் கற்றவனுக்கும் வேறொரு நூல் காத்திருக்கின்றது. உமறுப்புலவரின் காப்பியம் நாயகத்தின் வரலாறு முடியுமுன்னரே உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகின்றது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச்சீறா என்னும் பெயரிற் பாடியுள்ளார்.